நடத்தியாச்சு... ஆனா பிள்ளைக்கு வந்துச்சா? கணக்கு வகுப்பில் 'கற்றல் நோக்கம்' ஏன் முக்கியம்? - எளிய விளக்கம்

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "இன்னைக்கு கணக்குல என்ன நடத்துனாங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வார்த்தையில் பதில் வரும். "கழித்தல்." அல்லது "பின்னம்."

ஆசிரியரின் பாடக்குறிப்பிலும் அதே தலைப்புதான் இருக்கும். 'கழித்தல் - நடத்தப்பட்டது' என்று எழுதி டிக் போட்டாச்சு. புத்தகத்தில் அந்தப் பக்கமும் முடிஞ்சாச்சு. ஆனால் பிள்ளைக்கு அது வந்ததா, வரவில்லையா என்பது அந்த டிக்கில் இருக்காது.

கணக்குப் பாடத்தில் இதுதான் பெரிய சிக்கல். 2-ஆம் வகுப்பில் கழித்தல் சரியாக வராத பிள்ளைக்கு 4-ஆம் வகுப்பில் வகுத்தல் வராது. வகுத்தல் வராத பிள்ளைக்கு 6-ஆம் வகுப்பில் பின்னமும் தசமமும் வராது. 8-ஆம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது, "எனக்குக் கணக்கே வராது" என்று அந்தப் பிள்ளை தானே முடிவுக்கு வந்துவிடும்.

இந்தச் சறுக்கலை ஆரம்பத்திலேயே பிடிப்பதற்கு ஒரு எளிய கருவி இருக்கிறது. அதன் பெயர் 'கற்றல் நோக்கம்'. அது என்ன? எப்படி வேலை செய்கிறது? பெற்றோருக்கு இதில் என்ன வேலை? விரிவாகப் பார்க்கலாம்.

42-ல் 17 போனால் 35... இந்த விடை எப்படி வந்தது?

இரண்டு இலக்கக் கழித்தல் நடத்தி முடித்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் 42 - 17 என்ற கணக்கைக் கொடுக்கிறார். சரியான விடை 25. ஆனால் இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிவப்பு மையில் ஒரே மாதிரி தவறு குறி.

இருவரும் செய்த தவறு ஒன்றுதானா? இல்லை.

முதல் பிள்ளை, 2-ல் 7 போகாது என்று பார்த்து, 7-ல் இருந்து 2-ஐக் கழித்து 5 எழுதியது. பிறகு 4-ல் 1 போக 3. விடை 35. எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பார்க்காமல் பெரிய இலக்கத்தில் இருந்து சிறிய இலக்கத்தைக் கழித்துவிட்டது.

இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். பக்கத்தில் இருந்து ஒரு பத்தை வாங்கி, 12-ல் 7 போக 5 என்று சரியாக எழுதியது. ஆனால் கடன் கொடுத்த 4, 3 ஆகிவிட்டது என்பதை மறந்தது. 4-ல் 1 போக 3. விடை அதே 35!

ஒரே விடை, இரண்டு வெவ்வேறு தவறு. முதல் பிள்ளைக்கு இட மதிப்பே இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளை பாதி வழி வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் "இன்னும் பத்து கணக்கு போட்டுட்டு வா" என்று சொன்னால், இரண்டு பேரும் அதே தவறை இன்னும் பத்து முறை செய்துவிட்டு வருவார்கள்.

கணக்கில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றிப் பாருங்கள். 42-க்குப் பதில் 43 - 17. சரியான விடை 26. முதல் வகைத் தவறு செய்யும் பிள்ளை 34 என்று எழுதும். இரண்டாவது வகைத் தவறு செய்யும் பிள்ளை 36 என்று எழுதும். இப்போது விடையைப் பார்த்ததுமே யாருக்கு எங்கே அடைப்பு என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

42-ஐ விட்டு 43-ஐ ஒரு ஆசிரியர் எப்போது தேர்ந்தெடுப்பார்? இன்றைய வகுப்பில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும், எங்கே தவற வாய்ப்பிருக்கிறது என்று முன்கூட்டியே யோசித்திருந்தால்தான். அந்த யோசனையை ஒரு வரியில் எழுதி வைப்பதுதான் கற்றல் நோக்கம்.

கற்றல் நோக்கம்னா என்ன?

பாடம் முடியும்போது பிள்ளையால் புதிதாக எதைச் செய்ய முடியும் என்பதைச் சொல்லும் வாக்கியம்தான் கற்றல் நோக்கம். பலர் இதைத் தலைப்போடும் வகுப்புச் செயல்பாட்டோடும் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்:

• தலைப்பு: "இரண்டு இலக்கக் கழித்தல்." இது என்ன பாடம் என்று மட்டும் சொல்கிறது.

• செயல்பாடு: "குச்சிக்கட்டுகளை வைத்துக் கழித்தல், புத்தகப் பயிற்சியை முடித்தல்." வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறது.

• நோக்கம்: "கடன் வாங்க வேண்டிய இரண்டு இலக்கக் கழித்தல் கணக்கைக் குச்சிகளின் உதவி இல்லாமல் செய்வார். பத்துகள் இடத்தில் ஏன் ஒன்று குறைந்தது என்றும் சொல்வார்." பிள்ளைக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது.

முதல் இரண்டும் ஆசிரியர் பக்கம் இருந்து பார்ப்பது. மூன்றாவது பிள்ளையின் பக்கம் இருந்து பார்ப்பது. முதல் இரண்டுக்கும் டிக் போடப் பிள்ளையைப் பார்க்கவே வேண்டாம். மூன்றாவதுக்கு டிக் போட வேண்டும் என்றால் பிள்ளை செய்து காட்ட வேண்டும்.

'கற்றல் விளைவு' என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழும். ஒரு வகுப்பு அல்லது ஒரு ஆண்டு முடிவில் பிள்ளை எட்ட வேண்டிய பெரிய இலக்கு அது. அந்த இலக்கை நோக்கி ஒவ்வொரு பீரியடிலும் எடுத்து வைக்கும் சின்னப் படிதான் கற்றல் நோக்கம் என்று புரிந்துகொண்டால் போதும்.

'புரிந்துகொள்வர்'னு எழுதினா என்ன தப்பு?

பாடக்குறிப்புகளில் அதிகம் கண்ணில் படும் வரி இது: "மாணவர்கள் பின்னங்களைப் பற்றிப் புரிந்துகொள்வர்."

வரியில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. சிக்கல் வேறு. ஒரு பிள்ளை புரிந்துகொண்டதா என்பதை எப்படிப் பார்ப்பது? "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே சேர்ந்து சொல்லும். புரியாத பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து சொல்லும்.

அதனால்தான் கற்றல் நோக்கத்தில் வினைச்சொல் முக்கியம். 'அறிவர்', 'உணர்வர்', 'புரிந்துகொள்வர்' போன்றவை கண்ணுக்குத் தெரியாத வினைகள். 'வரைவர்', 'ஒப்பிடுவர்', 'வரிசைப்படுத்துவர்', 'காரணம் சொல்வர்', 'தவறைக் கண்டுபிடிப்பர்' ஆகியவை கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய வினைகள்.

இந்தச் சிந்தனை புதிதல்ல. அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-லேயே கற்றல் நோக்கங்களை எழுதுவது பற்றித் தனியாகப் புத்தகம் எழுதினார். ஒரு நல்ல நோக்கம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முறை. படிப்பவர் என்ன செய்து காட்டுவார்? எந்தச் சூழ்நிலையில்? எந்த அளவுக்குச் சரியாக?

நம்ம கழித்தல் கணக்கையே இதில் வைத்துப் பாருங்கள். என்ன செய்வார்? கடன் வாங்கிக் கழிப்பார், காரணம் சொல்வார். எந்தச் சூழ்நிலையில்? குச்சி இல்லாமல், தாளில். எந்த அளவுக்கு? 5 கணக்கில் குறைந்தது 4 சரியாக. அவ்வளவுதான்.

அதற்கும் முன்பே, 1956-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு கல்வி நோக்கங்களை அடுக்கடுக்காக வகைப்படுத்தியது. ஆசிரியர் பயிற்சி முடித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர் இது. 2001-ல் திருத்தப்பட்ட வடிவத்தில் நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என ஆறு படிகள் உண்டு.

கணக்கில் இது எப்படி வரும்? 7-ஆம் வாய்ப்பாட்டை ஒப்பிப்பது நினைவுகூர்தல். ஒரு பெட்டிக்கு 7 மாம்பழம் வீதம் 8 பெட்டியில் எத்தனை என்று கண்டுபிடிப்பது பயன்படுத்துதல். விடை 56 வருவது போல ஒரு கதைக் கணக்கைத் தானே எழுதுவது உருவாக்குதல். வாய்ப்பாடு ஒப்பிப்பதை மட்டும் நோக்கமாக வைத்தால், அடுத்த இரண்டும் தானாக வந்துவிடாது.

பின்னத்தில் செய்து பார்ப்போமா?

'கணக்கு பிடிக்கல' என்று பல பிள்ளைகள் சொல்லத் தொடங்குவது பின்னம் வரும்போதுதான். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பின்னம் அந்நியமான விஷயம் கிடையாது. கால் கிலோ தக்காளி, அரை லிட்டர் பால், முக்கால் மணி நேரம் என்று வீட்டில் தினமும் பேசுகிறோம். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, வீசம் என்றால் பதினாறில் ஒன்று என்று பழைய கணக்கு வழக்கில் தனித்தனிப் பெயர்களே இருந்தன.

இந்தப் பழக்கம் இருந்தும், "மூன்றில் ஒன்று பெரிசா, நான்கில் ஒன்று பெரிசா?" என்று கேட்டால், பல பிள்ளைகள் நான்கில் ஒன்றுதான் பெரிது என்பார்கள். காரணம் கேட்டால், "3-ஐ விட 4 பெரிசு" என்று பதில் வரும். முழு எண்களில் கற்ற விதியைப் பின்னத்துக்கும் கொண்டு வருகிறார்கள்.

'பின்னங்களை ஒப்பிடுதல்' என்று தலைப்பை மட்டும் வைத்திருந்தால், ஆசிரியர் ஒரு குறுக்குவழியைச் சொல்லிவிட்டுப் போகலாம்: "கீழே உள்ள எண் சின்னதா இருந்தா, அதுதான் பெரிய பின்னம்." பிள்ளையும் மூன்றில் ஒன்று என்று சரியாகச் சொல்லும். டிக்கும் விழும். ஆனால் மூன்றில் இரண்டா, நான்கில் மூன்றா என்று கேட்டால், அதே விதியை வைத்து மூன்றில் இரண்டுதான் பெரிது என்று சொல்லிவிடும். அது தவறு. பெரியது நான்கில் மூன்று.

இதையே தெளிவான நோக்கங்களாகப் பிரித்தால் எப்படி இருக்கும்?

முதல் நாள்: ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை மூன்றாகவும் நான்காகவும் சமமாக மடித்து, எந்தத் துண்டு பெரிது என்று காட்டுவார்.

இரண்டாம் நாள்: தொகுதி 1 ஆக உள்ள இரண்டு பின்னங்களை, படம் வரையாமல் ஒப்பிட்டு, "அதிகம் பேருக்குப் பங்கு போட்டால் ஒருத்தருக்குக் கிடைப்பது குறையும்" என்பது போல ஒரு காரணம் சொல்வார்.

மூன்றாம் நாள்: எந்தப் பின்னத்தையும் அரையோடு ஒப்பிட்டு, அரைக்கு மேலா கீழா என்று சொல்வார்.

நான்காம் நாள்: மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று போன்றவற்றில், முழுதாக ஆக இன்னும் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஒப்பிடுவார். ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, இன்னொன்றில் நான்கில் ஒரு பங்குதான் குறைகிறது. அதனால் நான்கில் மூன்று பெரிது.

இதில் மூன்றாம் நாள் நோக்கம் பின்னால் பெரிய உதவி செய்யும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதைக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. அரையோடு ஒப்பிடத் தெரிந்த பிள்ளை, "ஐந்தில் இரண்டு அரைக்கும் கீழே இருக்கே, அரையோட இன்னொண்ணைக் கூட்டினா எப்படிக் குறையும்?" என்று தானே சந்தேகப்படும். தன் தவறைத் தானே பிடிக்கும் பிள்ளைக்குக் கணக்கு மேல் இருக்கும் பயம் பாதி போய்விடும்.

சரியான விடையும் ஏமாற்றும்!

தவறான விடையை மட்டும் அல்ல, சரியான விடையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தசம எண்களில் ஒரு உதாரணம் பார்க்கலாம்.

0.5, 0.75 - இதில் எது பெரியது? பிள்ளை 0.75 என்று சொல்கிறது. சரியான விடை. ஆனால் "5-ஐ விட 75 பெரிசு" என்ற காரணத்தால் சொல்லியிருந்தால்?

அதே பிள்ளையிடம் 0.5, 0.35 - எது பெரியது என்று கேளுங்கள். 35 பெரிசு என்று நினைக்கும் பிள்ளை 0.35 என்று சொல்லும். இங்கேதான் உண்மை வெளியே வரும். 0.5 என்பது அரை ரூபாய், அதாவது 50 காசு. 0.35 என்பது 35 காசு. பணமாகப் பார்த்தால் பிள்ளைக்கு உடனே புரியும்.

ஆக, நோக்கம் தெளிவாக இருந்தால் கேள்வியும் தெளிவாகும். 'தசம எண்களை ஒப்பிடுவர்' என்று எழுதுவதைவிட, 'தசமப் புள்ளிக்குப் பின் இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் இரண்டு எண்களை ஒப்பிட்டுக் காரணம் சொல்வர்' என்று எழுதினால், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது அந்த வரியிலேயே வந்துவிடுகிறது.

அரசு என்ன சொல்லுது?

இந்தியாவில் இது வெறும் ஆலோசனை கிடையாது. தொடக்க நிலை வகுப்புகளுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை எட்ட வேண்டிய கற்றல் விளைவுகளை என்சிஇஆர்டி 2017-ல் வெளியிட்டது. அதே ஆண்டு, கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளிலும் கற்றல் விளைவுகள் சேர்க்கப்பட்டன.

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய 'நிபுன் பாரத்' திட்டம், 3-ஆம் வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் வந்துவிட வேண்டும் என்கிறது. அதில் கணக்குக்கான இலக்குகள் எளிமையாக இருக்கின்றன.

• 1-ஆம் வகுப்பு: 99 வரை எண்களைப் படிக்க, எழுத வேண்டும். எளிய கூட்டல், கழித்தல் செய்ய வேண்டும்.

• 2-ஆம் வகுப்பு: 999 வரை எண்களைப் படிக்க, எழுத வேண்டும். 99 வரையிலான எண்களைக் கழிக்க வேண்டும்.

• 3-ஆம் வகுப்பு: 9,999 வரை எண்களைப் படிக்க, எழுத வேண்டும். எளிய பெருக்கல் கணக்குகளைச் செய்ய வேண்டும்.

கவனித்தீர்களா? மேலே பார்த்த 43 - 17 என்ற கணக்கு 2-ஆம் வகுப்புக்கான இலக்கு. அதைத் தாண்டாமல் மேல் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே நடத்தும் பாடம் எதுவும் ஒட்டாது.

தமிழ்நாட்டில் கொரோனா காலக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வந்தது. அடுத்த கல்வியாண்டில் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிவானது. இதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளாகப் பார்க்கப்படுகிறார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துப் பாடம் நடத்த வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

இந்த எண்ணம் தமிழகப் பள்ளிகளுக்குப் பழக்கமானதுதான். 2000-களில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுவதும் போன செயல்வழிக் கற்றலில், 'கற்றல் ஏணி' என்று ஒன்று சுவரில் இருந்தது. தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த அட்டை எது என்று பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் 8-ஆம் வகுப்பு வரை பிள்ளைகளை ஃபெயில் ஆக்கி நிறுத்திவைக்கும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடாமல் இருக்க இது உதவுகிறது. அதே நேரம், ஆண்டு இறுதித் தேர்வு தடுத்து நிறுத்தாத ஒரு இடைவெளியை, அன்றாட வகுப்பிலேயே கண்டுபிடித்தாக வேண்டிய பொறுப்பும் கூடுகிறது. கற்றல் நோக்கம் தேவைப்படுவது இங்கேதான்.

பெல் அடிக்கும் முன் ஒரே ஒரு கேள்வி

நோக்கத்தை எழுதி வைப்பது பாதி வேலை. எட்டினார்களா என்று பார்ப்பது மீதி வேலை. இதற்குப் பெரிய தேர்வு எதுவும் தேவையில்லை.

பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஒரு துண்டுத் தாளில் 43 - 17, 62 - 38 என இரண்டு கணக்குகளை மட்டும் போடச் சொல்லலாம். ஒன்றில் கவனக்குறைவாகத் தவறினாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். தாள்களை வாங்கி மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்.

26, 24 என்று சரியாக எழுதியவர்கள் ஒரு அடுக்கு. இவர்களுக்கு மூன்று இலக்கக் கழித்தலோ கதைக் கணக்கோ கொடுக்கலாம்.

36, 34 என்று எழுதியவர்கள் இரண்டாவது அடுக்கு. கடன் வாங்கத் தெரியும், குறைக்க மறக்கிறார்கள். நான்கு குச்சிக்கட்டில் ஒன்றை அவர்கள் கையாலேயே அவிழ்க்கச் சொன்னால், மீதி மூன்று கட்டுதான் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

34, 36 என்று எழுதியவர்கள் மூன்றாவது அடுக்கு. இவர்கள் 43 என்பதை ஒரு முழு எண்ணாகப் பார்க்காமல் 4, 3 என்று தனித்தனியாகப் பார்க்கிறார்கள். இவர்களுக்குக் கழித்தலுக்கு முன்பு, 43 என்றால் நான்கு பத்தும் மூன்று ஒன்றும் என்ற இட மதிப்பில் இருந்தே தொடங்க வேண்டும்.

கிராமப்புறங்களில் 2005 முதல் நடத்தப்படும் 'ஏசர்' ஆய்விலும் இதே போன்ற ஏற்பாடுதான். எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் என்று படிப்படியாகக் கேட்டு, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரே ஒரு தாளில் அடங்கும் கேள்விகள்தான்.

எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடணுமா?

சில பள்ளிகளில் வகுப்பு தொடங்கியதும் அன்றைய நோக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எங்கே போகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிவது நல்லதுதான். ஆனால் எப்போதும் அது சரிப்படாது.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 பாகை. இதை நோக்கமாக முதலிலேயே பலகையில் எழுதிவிட்டால், பிறகு பிள்ளை அளந்து பார்க்க என்ன இருக்கிறது? அதற்குப் பதிலாக, ஆளுக்கொரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கச் சொன்னால், எல்லோருக்கும் ஒரே நேர்கோடு வரும். "எனக்கும் அதே வந்துச்சு!" என்ற ஆச்சரியத்துக்குப் பிறகு நோக்கத்தைச் சொன்னால் அது மனதில் நிற்கும். இங்கே நோக்கம் ஆசிரியரின் கையில் தெளிவாக இருக்க வேண்டும். பலகையில் கடைசியாக வந்தால் போதும்.

நோக்கங்கள் மீது விமர்சனமும் உண்டு. கற்றல் நோக்கங்கள் உண்மையில் உதவியா, இடைஞ்சலா என்ற கேள்வியை அமெரிக்கக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1967-லேயே எழுப்பினார். வகுப்பில் நடக்கும் எல்லா நல்ல விஷயங்களையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது, அளக்க முடியாதவையும் கல்விதான் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பிள்ளை திடீரென்று "பூஜ்ஜியத்தால வகுத்தா என்ன சார் வரும்?" என்று கேட்டால், 'இன்றைய நோக்கத்தில் அது இல்லை' என்று உட்கார வைப்பது தவறு. பாதை தெரிந்தவருக்கு வழியில் சற்று நின்று வேடிக்கை பார்க்கவும் முடியும்.

களத்தில் என்ன சிக்கல்?

ஈராசிரியர் பள்ளிகளில் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனிக்க வேண்டியிருக்கும். இன்னொரு பக்கம் 'போர்ஷன்' முடிக்க வேண்டிய அவசரம். பதிவேடுகள், செயலிகளில் ஏற்றும் விவரங்கள் என்று நேரம் போய்விடுகிறது. இந்த நிலையில் கற்றல் நோக்கமும் இன்னொரு படிவமாக மாறிவிட்டால், போன ஆண்டு பாடக்குறிப்பைப் பார்த்து அப்படியே எழுதும் சடங்காகிவிடும்.

அதைத் தவிர்க்க ஒரே வழி, எண்ணிக்கையைக் குறைப்பதுதான். ஒரு பீரியடுக்கு ஒரே ஒரு நோக்கம். அதைச் சோதிக்க ஒன்றிரண்டு கேள்வி. நாளைய பாடத்தை அந்த விடைகளைப் பார்த்து முடிவு செய்வது. எழுதி வைத்த நோக்கத்தால் நாளைய பாடத்தில் எந்த மாற்றமும் வரவில்லை என்றால், அது எழுதப்பட்டும் பயனில்லை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கணக்கில் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. வழக்கமாகக் கேட்கும் கேள்வியை மட்டும் மாற்றினால் போதும்.

• "என்ன நடத்துனாங்க?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு உனக்குப் புதுசா என்ன செய்ய வருது? எனக்குச் செஞ்சு காட்டு" என்று கேளுங்கள்.

• விடை சரியாக இருந்தாலும் "எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். தவறாக இருந்தால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே பிள்ளைக்குத் திட்டு போலத் தோன்றும்.

• கடையில் 63 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். 63-ல் இருந்து 70-க்கு 7, 70-ல் இருந்து 100-க்கு 30, ஆக 37 என்று எண்ணிச் சொன்னாலும் அது சரியான கழித்தல்தான். நோட்டில் போடும் முறையில்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

• பாடப்புத்தகத்தில் இயல் தொடக்கத்தில் கற்றல் நோக்கங்கள் கொடுக்கப்பட்டிருந்தால், அதைப் பிள்ளையோடு சேர்ந்து படித்து, எது வருகிறது, எது வரவில்லை என்று பிள்ளையையே பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

• பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் "என் பிள்ளை எத்தனை மார்க்?" என்பதோடு, "எந்த இடத்துல தடுமாறுது?" என்றும் கேளுங்கள். மதிப்பெண் 60 என்பதை வைத்து வீட்டில் எதுவும் செய்ய முடியாது. 'கடன் வாங்குது, குறைக்க மறக்குது' என்பதை வைத்து இன்று மாலையே பத்து நிமிடம் உட்கார முடியும்.

கணக்கு வரவில்லை என்று எந்தப் பிள்ளையையும் மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது. வராதது பெரும்பாலும் ஏதோ ஒரு படிதான். அந்தப் படி எது என்று தெரிந்துவிட்டால் கையைப் பிடித்து ஏற்றிவிடலாம். வீட்டில் 2-ஆம் வகுப்பு தாண்டிய பிள்ளை இருந்தால், இன்று ஒரு தாளில் 43 - 17 என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள். விடை 34-ஆ, 36-ஆ, 26-ஆ என்பதிலேயே நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.